காலியாக இருக்கும் பெயர்க் கட்டம்

1

இந்தக் கதை நான் சொன்ன பாதி உண்மையிலிருந்து பிறந்தது. பிஷ்கெக் நகரில் எங்கள் தையல் கம்பெனிக்கு ஆள் எடுப்பவன் நான். ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி, "ஆள் வேணுமா? இருக்கிற ஆளைக் கேளுங்க. சிபாரிசுல வர்றவங்க ஓடிப்போக மாட்டாங்க" என்றேன். கைதட்டினார்கள். மீதிப் பாதி இங்கே.

2

பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலை... (வேண்டாம். பனி பெய்யாத ஜனவரி இங்கே ஏது?)

சரி, இப்படித் தொடங்குகிறேன்: ஐந்தரை மணிக்குத் தையல்காரி பெர்மெட் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, நம்ம கம்பெனி பஸ் டிரைவருக்குக் கண்ணு தெரியலை. நேத்து பாலத்துச் சுவரை உரசிட்டாரு. இருபத்திரண்டு பொம்பளைங்க உசிரைக் கையில புடிச்சிட்டு உக்காந்திருந்தோம்."

புகார்ப் படிவத்தை நீட்டினேன். மளமளவென்று எழுதியவள் டிரைவர் பெயர்க் கட்டத்தில் நிறுத்திவிட்டாள்.

"அவரு எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன். நம்ம வழக்கப்படி வீட்டுக்கு வந்த மருமக மூத்தவர் பேரைச் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. தெரியாத மாதிரி நீட்டுறீங்களே!"

"பேர் இல்லாம புகார் செல்லாதும்மா."

"அப்ப நீங்க எழுதுங்க. உங்களுக்கென்ன தடை?"

(அவளை இங்கே சேர்த்துவிட்டதே அந்த மூத்தவர்தான். ஆள் வந்தால் முறையும் கூடவே வந்து உட்காரும். இதை மேடையில் சொல்லவில்லை.)

3

பெர்மெட் பயந்தாங்கொள்ளி, எனவே... இந்த வரியை அடித்துவிட்டேன். பயந்தவள் வந்தே இருக்கமாட்டாள்.

அடிக்குறிப்பு: என்னைச் சிபாரிசு செய்தது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. அதே டிரைவர், ஷர்ஷென். வேலையில்லாமல் திரிந்த என்னை முதலாளி முன் நிறுத்தி, "குபனுக்கு நான் பொறுப்பு" என்றார். வெட்கமாக இருக்கிறது. அவர் பெயரைக் கதையில் எழுதிவிட்டேன், படிவத்தில் எழுதக் கை வரவில்லை.

4

கீழே பஸ் உறுமியது. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு முக்காட்டோடு பெர்மெட் ஜன்னலோரம் போய் நின்றாள். துடைத்த பஸ் முன்கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்த ஷர்ஷென் நிமிர்ந்தார்.

"டேய் குபன்! ஜன்னல்ல என்னடா நிக்கிற? வா, வீட்டுல இறக்கிவிடறேன்!"

பெர்மெட், மேசையை விட்டு எழுந்திராத என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முடிவு ஒன்று: எழுதுகிறேன், என்னை வாழவைத்தவர் பிழைப்பு போகிறது. முடிவு இரண்டு: எழுதவில்லை, பஸ் அந்தப் பாலத்தில்... ஐயோ, வேண்டாம்.

"நேரமாச்சு அண்ணே, நானும் அதுலதான் போகணும்" என்று பையை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்குகிறாள்.

படிவம் மேசையில் கிடக்கிறது. பெயர் உங்களுக்குத் தெரியும். அவர் உங்களுக்கு உறவும் இல்லை, நீங்கள் அவருக்குக் கடன்பட்டவரும் இல்லை.

பேனாவை எடுங்கள்.