தேதி போடாத வார்த்தை

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றிலேயே மிக வீணானது விடைபெறுதல். சின்னவனின் இந்தக் கொள்கைக்குக் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்திருக்கிறது. போகிறவன் எப்படியும் போகப்போகிறான்; அதை அறிவிப்பானேன்? அப்பாவின் முகத்துக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்தபடி அன்று காலையும் அவன் அப்படித்தான் நினைத்தான்.

திரையில் அக்காவின் மகள். அவளுக்குத் தமிழில் 'தாத்தா' மட்டும் வரும். மற்றதெல்லாம் அவள் அப்பன்வழி ஸ்பானிஷ். அவளுக்காகப் படுக்கையில் கிடந்தபடியே அப்பா நாலு வார்த்தை கற்றிருந்தார். தினமும் பேசி முடிக்கும்போது அவள் "ஆஸ்தா மன்யானா" என்பாள். நாளைக்குப் பார்க்கலாம். அப்பாவும் அதையே திருப்பிச் சொல்வார்.

வம்பு அங்கேதான். அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். "நாளைக்கு வரேன்" என்றால் வராமலிருப்பதே தொழில் தர்மமான உலகில், சொன்னபடி போய் நிற்கும் ஆள். வேலை முடிந்ததும் ஃப்ரிட்ஜ் கதவை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். டாக்டர் கைவிரித்த பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் கண்விழித்தார்.

"அந்தப் புள்ள நாளைக்கு நாளைக்குங்குது. இந்த மனுஷன் வலியோட இழுத்துப் புடிச்சிட்டுக் கெடக்கிறாரு," என்று சற்றுமுன் அடுப்படியில் அம்மா சொல்லியிருந்தாள். "வேற ஏதாச்சும் சொல்லச் சொல்லுடா. பாக்க முடியல."

"வார்த்தைக்கெல்லாம் உசிரு நிக்குமாம்மா?"

"உங்கப்பாவுக்கு நிக்கும்."

இப்போது அவன் திரையைத் தன் பக்கம் திருப்பினான். "அக்கா, கிளம்புறப்ப சொல்ல வேற ஒண்ணும் இல்லையா? அடியோஸ்னு..."

"அது வேணாம்டா, ஒரேயடியாப் பிரியறப்ப சொல்றது." அக்கா மகளின் காதில் ஏதோ சொன்னாள். அவன் திரையை மறுபடி அப்பா பக்கம் திருப்பினான்.

"நோஸ் வேமோஸ், தாத்தா."

"அப்படின்னா?" என்றார் அப்பா.

"பாக்கலாம்னு அர்த்தம்ப்பா," என்றாள் அக்கா.

"எப்போ?"

"எப்பன்னெல்லாம் இல்லப்பா. சும்மா... பாக்கலாம்."

"தேதி கெடையாதா?" அப்பா யோசித்தார். "அப்ப சரி. நோஸ் வேமோஸ், குட்டி."

ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னார். தூங்கினார். மதியம் அம்மா தொட்டுப் பார்த்தபோது மூச்சு இல்லை. மாதக்கணக்காகப் புருவ நடுவில் நின்றிருந்த சுருக்கமும் இல்லை.

"வலி விட்டுச்சுடா அவருக்கு," என்றாள் அம்மா. சுவரில் சாய்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள்.

சாயங்காலம் வண்டி வந்தது. அப்பாவை உள்ளே ஏற்றியதும் சின்னவன் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான். "நோஸ் வேமோஸ்," என்றான். உச்சரிப்பு படுமோசம்.

"என்ன தம்பி?" என்றார் டிரைவர்.

"ஒண்ணுமில்லண்ணே."

இறங்கிக் கதவைச் சாத்தினான். உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.