போக மறுத்த மீன்

நவம்பர் கடைசி நாள். விடிந்தால் ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கக் கூடாது, இனி பிப்ரவரியில்தான். அந்த வருஷம் மழை தள்ளிப்போய், ஆறு வற்றிக் கிடந்ததில் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஏறவே இல்லை. போன வாரம்தான் மழையும் பனியும் சேர்ந்து கொட்டின. எல்ஸ்பெத்தின் தூண்டிலில் அதுவரை ஒரு மீன்கூடச் சிக்கவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய கறுப்புப் பொய்ப்பூச்சியை வீசிக்கொண்டிருந்தாள். கரையில் தங்கை நெட்டா குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் பூச்சியப் பாத்து மீனெல்லாம் சிரிக்குதுக்கா. கிளம்பலாம் வா."

"வாய மூடுடி. இன்னும் ஒரே தடவ."

அந்தத் தடவைதான் கயிறு இறுகியது. வந்தது பெண் மீன். தாமிர நிறம், வயிறு நிறைய முட்டை. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும் என்பது தூண்டில்காரர் சங்கத்தின் விதி. தண்ணீரைவிட்டுத் தூக்காமலே முள்ளை எடுத்தாள் எல்ஸ்பெத். வாலைப் பிடித்து, தலையை நீரோட்டத்தை நோக்கித் திருப்பி, பிடியைத் தளர்த்தினாள். மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள். மறுபடி சாய்ந்தது.

"விட்டுடுக்கா, அதுவா போயிடும்."

"போக மாட்டேங்குதுடி!"

ஆலங்கட்டியும் மழையுமாகப் பெய்ய ஆரம்பித்தது. எல்ஸ்பெத்தின் விரல்கள் மரத்துப்போயின. நெட்டா ஷூவோடு இறங்கி வந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தண்ணி ஏறுதுக்கா. மீனக் கொஞ்சம் ஆட்டிப் பாரேன்."

"ஆட்டக் கூடாது. அதுவா மூச்சு விடணும்."

செவுள் மெல்லத் திறந்தது, மூடியது. இன்னும் மெல்லத் திறந்தது. அப்புறம் திறக்கவே இல்லை. முட்டைகள் சில நழுவி அவள் விரலிடுக்கில் ஓடிப்போயின.

"வீட்டுக்காவது எடுத்துட்டுப் போலாமா?" என்றாள் நெட்டா.

"செத்தாலும் ஆத்துலதான் விடணும். சங்கத்துல கண்டிஷனா சொல்லியிருக்காங்க."

கையை விரித்தாள். வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்த மீன், கொஞ்ச தூரத்தில் ஒரு மர வேரில் மாட்டி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. போய்த் தள்ளிவிடலாம் என்றால், நடுவில் ஆழம்.

கரையேறித் தூண்டில் கம்பை இரண்டாகக் கழற்றப் பார்த்தார்கள். மூட்டு குளிரில் இறுகிப்போயிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. கடைசியில் கார் ஜன்னலை இறக்கி, கம்பை வெளியே நீட்டியபடி, சாரல் முகத்தில் அடிக்க வீட்டுக்குப் போனார்கள்.