எச்சிலா, மூத்திரமா, முடியா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு லேபில் கிடைத்தது. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்றவர், துணிக்கடையில் சேலை விசாரிப்பதுபோல, "மூணுல எதுங்க நல்லது?" என்று கேட்டார். அவர் விசாரித்தது போதைப் பரிசோதனையை. பசியில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நானே இட்டுக்கட்டினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏற்காடு மலையைப் பனி ஒரு போர்வைபோல..."

(வேண்டாம். நீங்கள் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.)

அடுத்து: "பிரிஸ்கில்லாவுக்குப் பொய் சொல்லவே..."

(அப்படி ஒருத்தியை நானே நம்பமாட்டேன். நீங்கள் எப்படி நம்புவீர்கள்?)

2

சரி, நேராகச் சொல்கிறேன். பிரிஸ்கில்லா ஏற்காட்டில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். பஷீர் அகமது, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் விடுகிற கான்ட்ராக்ட்காரர். ஓட்டுநர்களில் யாரும் கஞ்சா அடிப்பவர் இல்லையென்று சோதித்த பிறகுதான் ஜூனில் வேனை எடுக்கலாம் என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. எந்தச் சோதனை என்று மட்டும் சொல்லவில்லை.

"நீயே சொல்லு கண்ணு. எச்சிலா, மூத்திரமா, முடியா?"

"எச்சில், இன்னைக்கும் நேத்தும் அடிச்சதச் சொல்லுங்க பாய். மூத்திரம், எப்பவோ ஒருக்கா அடிக்கறவன்னா சில நாளுக்குக் காட்டும். தெனமும் அடிக்கறவன்னா வாரக்கணக்குல காட்டும். ஆனா தண்ணியக் கலந்துருவாங்க. பக்கத்துல ஆள் நிக்கோணும். முடிய வெளியூருக்கு அனுப்போணும். அது மூணு மாசத்துக் கதையச் சொல்லும்."*

"அப்ப முடிதான் நல்லதாட்ட இருக்குது?"

"நாளைக்குச் சொல்றனுங்க" என்றாள் பிரிஸ்கில்லா.

பஷீரின் வேன்களில் வாழவந்தி ஊருக்குப் போவதை ஓட்டுவது அவள் தம்பி ஷெர்வின். போன மாதம் ஒரு எஸ்டேட்டில், சிநேகிதர்களோடு சேர்ந்து அவன் கஞ்சா இழுத்தது அவளுக்குத் தெரியும். அன்று அவன் சட்டையைத் துவைத்தவள் அவள்.

* ஒரே ஒரு முறை இழுத்தது முடியில் தெரியாமலே போவதும் உண்டாம். இதைப் படித்துவிட்டு யாரும் தைரியம் கொள்ள வேண்டாம்.

3

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது ஷெர்வின் மொட்டைத்தலையோடு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வேளாங்கண்ணிக்கு வேண்டுதல்க்கா."

"மத்தியானம் இங்கதான சோறு தின்ன? அதுக்குள்ள வேளாங்கண்ணி போயிட்டு வந்துட்டியா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "முடி டெஸ்ட்டா இருக்கும்னு பாய் சொன்னாருக்கா. முடி இல்லைன்னா டெஸ்ட் இல்லைன்னு போன்ல போட்டிருந்துச்சு."

"தலையில இல்லைன்னா நெஞ்சுல எடுப்பாங்கடா. அது மெதுவா வளர்றது. மூணு மாசம் என்ன, ஒரு வருசக் கதையக்கூடச் சொல்லிரும்."

ஷெர்வினின் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போனது. அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"ஒருக்காதான்க்கா. வண்டி எடுக்கற அன்னைக்குத் தொடவே மாட்டேன்."

(ஒரு வரைவில் இவனைத் தினமும் இழுப்பவனாக எழுதினேன். கதை ஒரு பக்கத்தில் முடிந்துபோனது. பிரிஸ்கில்லாவுக்கு யோசிக்கவே வேலையில்லை. கிழித்துப் போட்டேன்.)

அவள் யோசித்தது இது. ஓட்டுகிறவன் இன்று காலை நிதானமாக இருக்கிறானா என்பதுதான் வேனில் ஏறும் பிள்ளைகளுக்கு வேண்டும். அதற்கு எச்சில்தான் சரி. ஆனால் தம்பியைக் காப்பாற்றுவதும் அதே எச்சில்தான். அவன் தம்பியாக இல்லாவிட்டால் இதே பதிலைச் சொல்வாளா? எத்தனை முறை கேட்டாலும் அவளுக்குப் பிடிபடவில்லை.

4

மறுநாள் ஷெர்வினையும் கூட்டிக்கொண்டு பஷீரின் கடைக்குப் போனாள்.

"தெனமும் காலையில, சாவி குடுக்கறதுக்கு முன்னால எச்சில் பாருங்க பாய். கொண்டையூசி வளைவுல வண்டி ஓட்ட அதுதான் முக்கியம். ஆனா ஒன்னுங்க. இவன் எந்தம்பி. இவனக் காப்பாத்தத்தான் இப்படிச் சொல்றனான்னு எனக்கே தெரியலீங்க. சேலத்துல இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்கங்க."

பஷீர் மொட்டைத்தலையைப் பார்த்தார். "இவன எதுக்குக் கண்ணு காப்பாத்தோணும்?"

பிரிஸ்கில்லா தம்பியைப் பார்த்தாள். அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"போன மாசம் கஞ்சா இழுத்தேனுங்க. ஒருக்கா."

பஷீரின் பேத்தி ஆஃப்ரின் அந்த வாழவந்தி வேனில்தான் போகிறாள்.

"நொம்ப சந்தோசம்" என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குள் போனார். அன்று முழுக்க வெளியே வரவில்லை. சேலத்துக்குப் போன் போட்டுப் பேசினார் என்று மட்டும் தெரிந்தது. அங்கேயும் எச்சில் என்றுதான் சொன்னார்களாம்.

5

பள்ளி திறந்த காலை. ஷெர்வின் துப்பினான். பிரிஸ்கில்லாதான் எச்சில் டெஸ்ட் கிட்டைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பஷீரையும் பார்க்கச் சொல்லிக் காட்டினாள். சாவி அவர் கையில் இருந்தது.

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் பஷீர் அவனை வேலையை விட்டு அனுப்பினார். அவன் சுற்றுலாக்காரர்களுக்குக் கார் ஓட்டப் போனான். அங்கே எந்தச் சோதனையும் கிடையாது. (நீங்கள் அந்தக் காரில் வந்திருக்கலாம்.)

இரண்டாவதில் கட்டிப்பிடித்துச் சாவியைக் கொடுத்தார். எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றாவதில் சாவியைக் கொடுத்தார். பிறகு வேனைச் சுற்றிக்கொண்டு வந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"தாத்தா, நீங்களும் ஸ்கூலுக்கா?" என்றாள் ஆஃப்ரின் பின்னாலிருந்து.

"ஆமா கண்ணு. கொஞ்சம் படிப்பு பாக்கி இருக்குது."

ஷெர்வின் வண்டியை எடுத்தான். காலியான சாலையிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். பிரிஸ்கில்லா வாசலில் நின்று அந்தச் சத்தம் கேட்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஷீர் எத்தனை நாள் அந்தச் சீட்டில் போனார்? அதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் பிள்ளை அந்த வேனில் போனால் நீங்கள் எத்தனை நாள் போவீர்களோ, அத்தனை நாள்.