மண் போட்டுக் கழுவிய லாரி

லாரியின் பின்கதவைத் திறக்கும் முன் எல்லா ஓட்டுநரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் மச்சானிடமும் கேட்டேன். "இதுக்கு முன்னாடி என்ன சரக்கு ஏத்துனீங்க?" கோழி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் மனைவியின் அண்ணனுக்குப் பொய் வராது. அதுதான் தொல்லை.

"கூட்டாளி ஒருத்தன் லாரிய இரவல் வாங்கிட்டுப் போனான் மாப்பிள்ளை. பாவி, பன்னிக்கறிய ஏத்திட்டான். திருப்பித் தரும்போதுதான் சொல்றான்."

கறிப் பெட்டிகள் ஏற்றிவந்த லாரியோடு குளிர்கிடங்கின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். வெளிநாடு போகிற இறைச்சி அறுப்புக்கூடத்திலிருந்து கப்பல் வரை ஹலாலாகவே போகிறதா என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஹலால் சான்று தருகிற சபையின் ஆள் ஒருவர் நின்று பார்க்கவேண்டும். இந்தக் கதவுக்கு நான். என் சீல் விழாவிட்டால் ஒரு பெட்டிகூடக் கப்பலேறாது.

"அதான் கழுவிட்டேன்ல," என்றார் மச்சான். "மார்க்கத்துல சொன்னபடி ஏழு தடவ. அதுல ஒண்ணு மண்ணக் கரைச்சு ஊத்தி. முதுகு ஒடிஞ்சு போச்சு."

"கூட யாரு இருந்தா?"

"யாரு இருக்கணும்? எங்க வீட்டு வாசல்ல நான் மட்டுந்தான்."

போச்சுடா என்று நினைத்தேன். கழுவும்போது சபையின் ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது விதி. வாங்குகிற தேசத்துக்காரன் மச்சானின் முதுகுவலியை நம்பிச் சரக்கை இறக்கமாட்டான். நான் திருப்பி அனுப்பினால் இந்த லாரிக்கு இனி இறைச்சி ஏற்ற அனுமதி கிடையாது, மச்சானுக்கோ இதைவிட்டால் வேறு பிழைப்பு கிடையாது. எல்லாம் தெரிந்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மனசு தடித்துக் கிடந்தது.

"ஆண்டவன் பாத்தான்ல மாப்பிள்ளை."

"பாத்திருப்பான் மச்சான். அவன் இங்க வந்து கையெழுத்துப் போடமாட்டானே."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. என் கையிலிருந்த சீல் கட்டையைப் பார்த்தார்.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்தக் கறிய நீ சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன்."

"அப்புறம் என்னப்பா?"

லாரியைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினேன். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அழுத்த ஆரம்பித்திருந்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கறி வாசம் வந்தது. திரும்பிப்போன சரக்கை அறுப்புக்கூடத்தார் மச்சான் தலையிலேயே கட்டிவிட்டார்களாம். ஒரு பெட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருந்தார். என் மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "கைய கழுவிட்டு ரெண்டு பேரும் உக்காருங்க" என்று மட்டும் சொல்லித் தட்டை டங்கென்று வைத்தாள்.

நான் சாப்பிட்டேன். உப்பா உறைப்பா, ஒன்றும் தெரியவில்லை. மென்றேன், விழுங்கினேன். மச்சான் தன் தட்டில் கை வைக்கவில்லை. என் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு வைம்மா," என்றார் தங்கையிடம்.

அவள் வைத்தாள். நான் அதையும் எடுத்துப் பிய்த்தேன்.