மினுக்குக் கல்

நிலக்கரி மேட்டில் பீடி பிடித்ததாகப் பாஸ்கல் தானே ஒப்புக்கொண்டான் என்று கேட்டதும் அவன் பெண்சாதி ஞானத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போகிறதே என்றுகூட இல்லை. ரெண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோய் இது மூணாவது. இதுவாவது தங்கவேண்டும், இனி பீடியைத் தொடமாட்டேன் என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டவன் அவன். நாலு மாசம் ஒழுங்காக இருந்தவனுக்கு இப்போது என்ன கேடு வந்தது?

ராயபுரம் ரயில் யார்டில் கரி மேட்டுக்குப் பாஸ்கல்தான் காவல். நீள இரும்புக் கம்பியை மேட்டுக்குள் செருகி, உருவி, கையால் தொட்டுச் சூடு பார்ப்பான். ஞானத்துக்கும் அங்கேதான் வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கரியில் பித்தளை மாதிரி மின்னும் கல்லைப் பொறுக்கி எறிவார்கள். மினுக்குக் கல் என்று பேர். அது கலந்த கரியைக் குவித்து வைத்து மழையும் பட்டால், நெருப்பே வேண்டாம், மேடு தானாகவே உள்ளுக்குள் கனன்றுவிடும். கல்லைப் பொறுக்காமல் விட்டவளை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

மூணு நாள் விடாத ஐப்பசி மழை. கம்பி போட முடியவில்லை. இன்று காலை வடக்கு மூலையில் புகை. கோதண்டம் மேஸ்திரி ஓடிவந்து கத்த, "நாந்தான் மேஸ்திரி, பீடித் துண்ட அணைக்காம போட்டுட்டேன்" என்றானாம் பாஸ்கல். நாளையிலிருந்து வராதே என்று மேஸ்திரியும் சொல்லிவிட்டார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாமென்று ஞானம் மேட்டுக்குப் போனாள். ஆட்களோடு பாஸ்கலும் கரியை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். மேல் கரி சில்லென்று கிடந்தது. ஆளுயரம் தோண்டிய பிறகுதான் கங்கு தெரிந்தது. கந்தக நாற்றம் அடித்தது. தள்ளிய கரியில் எங்கே பார்த்தாலும் மினுக்குக் கல். மேலே போட்ட பீடி அத்தனை ஆழம் எப்படிப் போகும்?

வடக்கு மூலையில் கொட்டியதெல்லாம் அவள் கூடைகள். புரட்டாசியில் ஒரு வாரம், அசதி தாங்காமல், கரி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கித் தூங்கி விழுந்தாள். கல்லோடு போன கூடைகள் எத்தனையோ. அது பாஸ்கலுக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க வீட்டில் கஞ்சி காய்ச்சியவன் அவன்தான்.

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மேஸ்திரியிடம் போனாள்.

"அவரு பீடிய வுட்டு நாலு மாசம் ஆவுது மேஸ்திரி. இந்தக் கரியில கல்லு பொறுக்கினது நானு. தூங்கிட்டேன்."

மேஸ்திரி குழியைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார்.

"புள்ள பொறக்குற வரைக்கும் நீ வூட்லயே இரு" என்றார். பிறகு பாஸ்கல் பக்கம் திரும்பி, "போய் கம்பிய எடு. தெக்கு மூலையும் பாரு" என்றார்.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அந்தோணியார் கோயிலுக்கு எதிரே வந்ததும் ஞானம் நின்றாள்.

"எனக்காவ பொய் சொன்னே, சரி. அந்தோணியாருக்கு நேந்துகினத மீறிட்டேன்னு உன் வாயாலயே சொல்லிட்டியே. அவரு இன்னா நெனச்சிகினு இருப்பாரு?"

பாஸ்கல் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அவராண்ட சொல்லிட்டுத்தாம்மே மேஸ்திரியாண்ட சொன்னேன்" என்றான்.