சுடலைராஜ் நினைவுக் கோப்பை

“மதினி, இன்னைக்கு மைக்ல எல்லாத்தையும் சொல்லிரப் போறேன்” என்றான் செல்லச்சாமி. பந்தலுக்குப் பின்னால் நின்று புருஷனின் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த இசக்கிச்செல்வி, மாலையின் ஒரு முனை ஆணியிலும் மறுமுனை கையிலுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

மேலகரம் மைதானத்தில் முதலாம் ஆண்டு நினைவுக் கபடிப் போட்டி. படத்தில் இருந்த சுடலைராஜ் போலீஸ் அணிக்குப் பதினோரு வருஷம் ஆடியவர். ஏட்டாக இருக்கும்போதே இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட, நான்கு வருஷம் டயாலிசிஸில் காலம் தள்ளியவர். செல்லச்சாமி அவரோடு அதே அணியில் ஆடியவன். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று அவர் பின்னாலேயே திரிந்தவன்.

“எதைச் சொல்லப் போறிய?”

“அந்தச் செவ்வாக்கிழமை விசயத்தத்தான். ஒரு வருசமாத் தொண்டையில சோறு எறங்க மாட்டேங்கு. கூட்டிட்டுப் போனவன் நான்லா.”

“ஒங்க நெஞ்சுல கெடக்க கல்ல எறக்கி எம்மவ தலையில வைக்கப் போறியளா தம்பி?”

மேடையில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்க, அவன் அந்தப் பக்கம் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை விஷயம் ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று இசக்கிச்செல்வி நம்பியிருந்தாள். அந்த மூன்று பேரில் ஒருவர் படத்தில் இருந்தார்.

சுடலைராஜுக்குச் செவ்வாயும் வெள்ளியும் தென்காசியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் படுக்கை. தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. சாரல் சீசனில் குற்றாலத்து மலையே தண்ணீராக இறங்கும்போது, இந்த மனுஷன் மட்டும் பாட்டிலில் கோடு போட்டுக் குடிப்பார். “ஊருக்கே அருவி, எனக்கு மட்டும் அளவுச் சாப்பாடு” என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மகள் அபிக்குக் காலை எங்கே வைக்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். அவளுடைய ஜெர்சியைத் துவைத்துக் காயப்போடுவதுகூட அவர்தான். பொண்டாட்டியைத் தொட விடமாட்டார். நோய் அவரிடம் தோற்றது என்று ஊரார் சொன்னது சும்மா. அவர் தினமும் தோற்றார், தினமும் எழுந்து உட்கார்ந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை செங்கோட்டையில் அபிக்குக் கல்லூரி அணிகளின் போட்டி. ஒரே நாளில் செமியும் பைனலும். சுடலைராஜ் வீட்டில் டயாலிசிஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, செல்லச்சாமி வண்டியில் ஏறிச் செங்கோட்டைக்குப் போய்விட்டார். மகளிடம், “காலையிலேயே போட்டு முடிச்சிட்டாங்க” என்று சொல்லிவிட்டார். போலீஸ்காரர் சொன்ன பொய், இரண்டு பக்கமும் ஓட்டை இல்லாமல் இருந்தது.

மத்தியானம் டயாலிசிஸ் சென்டரிலிருந்து நர்ஸ் மாஜிதா போன் செய்தாள். “அக்கா, சார் இன்னும் வரலையே. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இன்னைக்குத்தான. விடக்கூடாதுக்கா. ராத்திரி எட்டு மணி வரைக்கும் நாங்க இருப்போம், எப்ப வந்தாலும் கூட்டிட்டு வாங்க.”

அவர் ஏழு மணிக்குக் கோப்பையும் மகளுமாக வந்து இறங்கினார். அபி குளிக்கப் போனதும் இசக்கிச்செல்வி பிடித்துக்கொண்டாள். “களைப்பா இருக்குட்டி, காலையில மொத ஆளாப் போயிருதேன்” என்றார். எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஆத்திரம். போனால் போங்கள், போகாவிட்டால் கிடங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதன்கிழமை விடியும்போது அவருக்கு மூச்சுத் திணறியது. ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் இருக்கவில்லை.

மகளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். “டயாலிசிஸ்லாம் முடிச்சுத்தான் இருந்தாவ, இது திடீர்னு வந்தது” என்றாள். செல்லச்சாமியிடம் சத்தியம் வாங்கினாள். உண்மை தெரிந்தால் அபி கபடியை விட்டுவிடுவாள், அதோடு தன்னையும் விட்டுவிடுவாள் என்று அவளுக்குப் பயம். இந்தப் போட்டி முடிந்து அடுத்த வாரம் மாநில அணிக்குத் தேர்வு வேறு இருந்தது.

இப்போது மைக் செல்லச்சாமி கையில். மைதானத்தின் ஓரத்தில் அபி ஜெர்சியோடு நின்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரல் பிடிக்க ஆரம்பித்தது. யாரும் நகரவில்லை.

“அண்ணாச்சியக் கடைசியா வண்டியில கூட்டிட்டுப் போனவன் நாந்தான்” என்று ஆரம்பித்தான். “அது ஒரு செவ்வாக்கிழமை...”

பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த இசக்கிச்செல்வி எழுந்துவிட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு மேடைக்கு நேர் கீழே போய் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஊர் கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவனையே பார்த்தாள். அவனும் பார்த்தான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

“அவிய நல்ல ரெய்டர்” என்றான் கடைசியில். “அவ்வளவுதான்.” மைக்கை வைத்துவிட்டு அழுதான். ஜனங்கள் கைதட்டினார்கள்.

இசக்கிச்செல்வி பந்தலுக்குப் பின்னால் வந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே அபி வந்தாள்.

“சித்தப்பா என்ன சொல்ல வந்தாவ?”

“ஒண்ணுமில்லட்டி. போ, மேட்சு ஆரம்பிக்கப் போறாவ.”

“அப்பா அன்னைக்கு டயாலிசிஸுக்குப் போகாததத்தான?”

இசக்கிச்செல்வி மூங்கிலை விடவில்லை.

“செமி முடிஞ்சதும் எனக்குத் தண்ணி பாட்டில் நீட்டுனாவ” என்றாள் அபி. குரல் ஒரே சீராக இருந்தது. பலமுறை தனக்குள்ளேயே சொல்லிப் பழகிய குரல். “சட்டைக் கை மேல ஏறிட்டு. ஊசி குத்துற எடத்துல பஞ்சு இல்ல, பிளாஸ்திரி இல்ல. போட்டுட்டு வந்தா மறுநாள் வரைக்கும் இருக்கும்லா. எனக்கு அங்கனயே தெரிஞ்சு போச்சு.”

“பின்ன ஏன்ட்டி கேக்கல?”

“கேட்டா கெளம்பிருவாவ. பைனல அப்பா பாக்கணும்னு இருந்துச்சு எம்மா.”

ஒரு வருஷமாகத் தாய் காத்த காவல் வெறும் கொல்லைக்குக் காவல். பிள்ளையோ எல்லாம் தெரிந்து தனியாக எரிந்துகொண்டிருந்தது. இசக்கிச்செல்விக்குத் தன்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. மகளின் கையை இழுத்துப் பிடித்தாள்.

“மாஜிதா எட்டு மணி வரைக்கும் இருப்போம்னு சொன்னா. ஏழு மணிக்கு நீங்க வந்துட்டிய. எனக்குக் கோவம். ஒரு ஆட்டோ கூப்பிடல. இத யார்ட்டயும் சொன்னதில்ல, ஒன் சித்தப்பாட்டகூட.”

அபி அம்மாவையே பார்த்தாள். மன்னித்த பார்வையா என்றால் இல்லை. முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது.

“அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

“ஒங்கப்பாவுக்குத் தெரியாதாட்டி? நம்ம எல்லாரையும் விட அவியளுக்குத்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் வந்தாவ.”

“எனக்கு இன்னைக்கு ஆட முடியாது எம்மா.”

“முடியலன்னா ஆடாத. ஆனா ஒண்ணு. நீ அன்னைக்குக் கேட்டு அனுப்பிருந்தா அவிய கடைசியா எதப் பாத்துட்டுப் போயிருப்பாவ? அந்த மிசின. நீ ஆடுனதப் பாத்துட்டுப் போனாவ. நானா இருந்தா அனுப்பிருப்பேன், அது வேற. ஒன்னைய நான் குத்தம் சொல்ல மாட்டேன்.”

விசில் அடித்தது. அபி முகத்தை ஜெர்சியில் துடைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

இசக்கிச்செல்விக்குக் கபடியில் தலையும் தெரியாது, காலும் தெரியாது. கோட்டோரமாக, சாரலில் நனைந்தபடி போய் நின்றாள். முதல் ரெய்டுக்கு அபிதான் போனாள். போன வேகத்தில் நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். கூட்டம் உச்சுக் கொட்டியது. அபி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, வெளியே அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். தாய் அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். நடுவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு பேசாமல் திரும்பிக்கொண்டார்.

“இனி எப்பட்டி உள்ள போவ?”

“எங்காளு ஒருத்தி போயி அவங்கள்ல யாரையாவது தொட்டுட்டு வரணும். அப்பத்தான் எனக்கு உசுரு.”

“வருவா” என்றாள் இசக்கிச்செல்வி. அபி தலையை அம்மாவின் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.