ஆறாம் எண் குடம்

ஷாலினியின் ஆராய்ச்சிக்கு ஆறு பித்தளைக் குடங்கள். தாராவியில் ஆறு வீடுகளில் அவை தொண்ணூறு நாள் தண்ணீரோடு அசையாமல் இருக்க வேண்டும். தண்ணீர் பித்தளையைத் தொடும் இடத்தில், குடத்தின் உட்சுவரில், தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம் வளரும். அதில் என்ன சேர்கிறது, அதிலிருந்து தண்ணீருக்குள் என்ன கரைகிறது என்பதுதான் அவளுடைய பிஎச்.டி.

முதல் வெள்ளிக்கிழமையே மூன்று குடங்கள் போயின. அடுத்த வெள்ளியில் இரண்டு. கறுத்துப் போன பித்தளையைப் பார்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமை சும்மா இருக்கிற பெண் அந்தத் தெருவில் கிடையாது என்பது ஆய்வுத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"உள்ளயும் கைய விட்டுப் புளி போட்டுத் தேச்சிட்டேம்மா. தங்கம் மாதிரி இருக்கு பாரு" என்று ஓர் அம்மாள் பெருமையோடு காட்டினாள். ஷாலினி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதாள்.

"ஆறாவதும் போச்சுன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இன்னும் ஒரு வருஷம்" என்றார் பேராசிரியர் சிவகுருநாதன்.

ஆறாவது குடம் மாரிக்கண்ணன் வீட்டில் இருந்தது. செம்பூரில் இருக்கும் அவளுடைய ஆய்வகத்துக்கு ஏசி சர்வீஸ் பண்ண வருகிறவன் அவன். "எங்க அம்மா பத்திரமாப் பாத்துக்குவாங்க" என்று அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்தக் குடத்தை வைத்த அன்று ரப்பர் மூடி தீர்ந்துபோயிருந்தது. ஷாலினி வாயை வெள்ளைத் துணியால் மூடி, கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய நூலால் சுற்றினாள். கடையில் மஞ்சள் நூல்தான் இருந்தது. நீர்மட்டம் தெரிய வெளியே மார்க்கரால் மூன்று சிவப்புப் புள்ளிகள் வைத்தாள்.

"இதை யாரும் தொடக்கூடாது ஆன்ட்டி. நகத்தவும் கூடாது. பக்கத்துல செருப்போட வராதீங்க, தூசி விழும்."

மாரிக்கண்ணனின் அம்மா அன்னத்தாய் மஞ்சள் நூலையும் சிவப்புப் புள்ளிகளையும் உற்றுப் பார்த்தாள். குரல் தானாகவே தாழ்ந்தது.

"கறி, மீன் சமைக்கலாமா தாயி?"

"எண்ணெய்ப் புகை படாம இருந்தா நல்லது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் மீன் வாசனை வரவில்லை. மாரிக்கண்ணன் நான்கு கிலோ குறைந்தான்.

ஷாலினி வாராவாரம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தெர்மாமீட்டரைக் குடத்தில் ஒட்டி, கண்ணை மூடி நிமிடம் எண்ணி, நோட்டில் எழுதிக்கொண்டு போவாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. நாற்பதாம் நாள் குடத்துக்கு மல்லிகைச் சரம் வந்தது. ஐம்பதாம் நாள் பக்கத்து வீட்டு வெயிலுமுத்துவுக்கு மூன்று மாதமாக இருந்த விக்கல் குடத்தின் முன்னால் நின்றது. அறுபதாம் நாள் வரிசை.

"ஆன்ட்டி, இது சாமி இல்ல."

"அத நீ சொல்லப்பிடாது தாயி. ஒனக்கு அடக்கம் ஜாஸ்தி."

ஷாலினி குனிந்து பார்த்தாள். துணி கலையவில்லை. முடிச்சு அப்படியே இருந்தது. பல்கலைக்கழகத்தில் எந்தப் பூட்டும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தொண்ணூறாம் நாள் வெள்ளிக்கிழமை. பிளாஸ்டிக் பாட்டில்களோடு வந்தவள் சந்து முனையிலேயே நின்றுவிட்டாள். அறுபது பேர், ஆளுக்கொரு டம்ளர்.

"தீர்த்தம் எப்பம் குடுப்பிய?" என்றார் வெயிலுமுத்து.

"ஐயோ, பித்தளையில தொண்ணூறு நாள் நின்ன தண்ணி தாத்தா! குடிச்சா வாந்தி வரும்!"

"வரட்டும். பாவம் வெளிய போவுதுன்னு அர்த்தம்."

"அரே, லேப் கா பானி ஹை!" என்று, இது லேப் தண்ணீர் என்பதை மாரிக்கண்ணன் இந்தியிலும் கத்தினான். டம்ளர்கள் இன்னும் உயர்ந்தன.

ஷாலினி அன்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, உள்ள மெல்லிசா ஒரு படலம் இருக்கு. குடத்தைச் சாய்ச்சா அது கலைஞ்சிரும். என் மூணு வருஷமும் போயிரும்."

அன்னத்தாய் அவளைப் பார்த்தாள். பிறகு, ஷாலினியின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவளைவிட அதிகமாக அழப்போகிறவன் போல நின்ற மகனைப் பார்த்தாள். அப்புறம் கொண்டையை அவிழ்த்தாள்.

"ஏலே! எவம்லே என் தீர்த்தத்தக் கேக்கது?"

சந்து அடங்கியது. வெயிலுமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு இங்க மூச்சு முட்டுது! நான் லேபுக்குப் போணும்!"

"எந்த லேபு தாயே?"

"செம்பூரு! நாலாவது மாடி! லிப்டு இருக்கு!"

கூட்டம் சிலிர்த்தது. அன்னத்தாய் அந்தப் பக்கமே போனதில்லை.

"என் படலம் கலைஞ்சிதுன்னா ஒருத்தனையும் விடமாட்டேன்!"

"யாரு தாயே உன்னக் கூட்டிட்டுப் போவணும்?"

"எம் மருமவ!"

"மருமவளா? மாரிக்குக் கல்யாணமே ஆவலியே?"

அன்னத்தாயின் விரல் ஷாலினியின் மேல் போய் நின்றது. மாரிக்கண்ணன் தோளிலிருந்து பை நழுவியது. பாட்டில்கள் சாக்கடை ஓரம்வரை உருண்டன.

டாக்சி சயான் வழியாக நடந்து போகிற வேகத்தில் ஊர்ந்தது. முன்னால் மேளம். பின்சீட்டில் இரண்டு பெண்கள், நடுவில் குடம்.

"ஆன்ட்டி, நிஜமாவே உங்களுக்குச் சாமி வந்துச்சா?" என்று ஷாலினி மெதுவாகக் கேட்டாள்.

"நீ நிஜமாவே சூடு பாக்கத்தான் வாராவாரம் வந்தியா?"

ஷாலினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குடத்தைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

ஆய்வக வாசலில் காவலாளி பதிவேட்டில் எழுதினார்: மாதிரி எண் ஆறு, உடன் வந்தோர் பதினான்கு, மேளம் ஒன்று. நாலாவது மாடியில் சிவகுருநாதன் துணியை அவிழ்த்து, தண்ணீரைக் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கிவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல. இந்த மாதிரிப் படலத்தை நான் பாத்ததே இல்ல. எப்படிம்மா காப்பாத்தினீங்க?"

"கவிச்சியே சேக்கல சார்" என்றாள் அன்னத்தாய்.

பேராசிரியர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மாரிக்கண்ணன் அம்மாவின் பக்கம் நகர்ந்தான்.

"அப்போ இன்னைக்கு மீன் வாங்கலாமாம்மா?"

"வெள்ளிக்கிழமைல, கூறு கெட்டவனே. நாளைக்கு வாங்கு. அந்தப் புள்ளைக்கும் சேத்து."